மண்டையோடு மூச்சுவிடுவதில்லை

மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களின் தலைவலிக்கும், அவர்கள் வீட்டுக் கைக்குழந்தைகளின் ஓயாத அழுகைக்கும், தலையை மென்மையாகத் தொட்டுச் செய்யும் கிரேனியல் ஆஸ்டியோபதி முகாம்கள் நடத்த வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. மண்டையோட்டு எலும்புகள் ஒரு தாளத்தில் அசைகின்றன. பழகிய கை அதைத் தொட்டு அறியும். ஆய்வுகள் இதை நிரூபித்துவிட்டன. நம் பாட்டிமார் அழும் பிள்ளைக்கு உரம் எடுத்ததும் இதே அறிவுதான். கட்டுரையின் சாரம் இவ்வளவே. இவற்றில் ஒன்றுகூடத் தேறாது. தேறாததைத் தேறியதாகச் சொல்லி, நாள் முழுக்க வெயிலில் காயும் மக்களிடம் கொண்டுபோவது அநியாயம்.

முதலில் எலும்புக்கு வருவோம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கிர்க்ஸ்வில் என்ற ஊரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892இல், எலும்பையும் தசையையும் கையால் இயக்கிச் செய்யும் ஆஸ்டியோபதி வைத்தியத்துக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே படித்த வில்லியம் கார்னர் சதர்லாந்து, தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்த ஒரு மண்டையோட்டைப் பார்த்தார். பொட்டெலும்பின் விளிம்பு சரிவாகச் சீவியதுபோல் இருந்தது. மீனின் செவுளைப்போல இருக்கிறதே, அப்படியானால் இதுவும் ஒருவகை மூச்சுக்காக அசைவதாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிறகு தன் தலையிலேயே பட்டைகளைக் கட்டி இறுக்கிச் சோதித்துக்கொண்டார். சோதித்தவரும் அவரே, சோதிக்கப்பட்டவரும் அவரே, தீர்ப்புச் சொன்னவரும் அவரே. 1939இல் அது ‘தி கிரேனியல் போல்’ என்ற நூலானது. கட்டுரையாளர் ‘நூற்றாண்டு கண்ட அறிவியல்’ என்று கொண்டாடுவதன் வேர் இந்த ஊகம்தான்.

கபாலத்தின் அடித்தளத்தில் ஆப்புரு எலும்பும் பிடரி எலும்பும் சேரும் இடம் கீல்போல மடங்கி விரிகிறது என்பது சதர்லாந்து கோட்பாட்டின் அச்சாணி. உடற்கூறு படித்த எவருக்கும் தெரியும்: அந்த இடத்தில் இருக்கும் குருத்தெலும்பு பதின்பருவம் முடிவதற்குள் ஏறத்தாழ முழுவதும் எலும்பாக இறுகிவிடும். நாற்பது வயதுத் தொழிலாளியின் தலையில் அங்கே மடங்குவதற்குக் கீல் இல்லை. ஒரே எலும்புதான் இருக்கிறது.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள திரவம் துடிக்கிறதே என்று கட்டுரையாளர் கேட்கிறார். துடிக்கிறது, மறுக்கவில்லை. சுமார் 150 மில்லிலிட்டர் அளவுள்ள அந்தத் திரவம் இதயத் துடிப்போடும் சுவாசத்தோடும் சேர்ந்து நகர்வதை எம்.ஆர்.ஐ. கருவியில் பார்க்கலாம். இதயத்தாலும் நுரையீரலாலும் நடக்கும் அசைவைக் காட்டி, இரண்டுக்கும் தொடர்பில்லாத மூன்றாவது தாளம் ஒன்று உண்டென்று சொல்வதற்கு அதில் என்ன ஆதாரம் இருக்கிறது?

சதர்லாந்துக்குப் பின் இதைக் கிரேனியோசேக்ரல் சிகிச்சை என்ற பெயரில் உலகெங்கும் பரப்பியவர் ஜான் அப்லெட்ஜர். கை கொடுக்கும் அழுத்தம் 5 கிராம், அதாவது ஒரு நாணயத்தின் எடை, போதும் என்றார். 2006இல் டவுனியும் சக ஆய்வாளர்களும் முயலின் மண்டையோட்டில் 5 முதல் 20 கிராம் வரை விசை கொடுத்து அளந்தார்கள். எலும்புகள் இணையும் பொருத்துவாய் அசையவில்லை, மண்டைக்குள் அழுத்தமும் மாறவில்லை. முயலின் மெல்லிய ஓட்டிலேயே இதுதான் கதி. மரக்காணத்தில் ஒரு பெண் தலையில் சும்மாடு வைத்து, ஈர உப்பு நிறைந்த கூடையைத் தூக்கி, வழுக்கும் வரப்பின்மேல் நடந்து அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்புகிறாள். காலை முழுதும் இதே நடைதான். 5 கிராமுக்கு அசையும் எலும்பு என்றால், இத்தனை கிலோ பாரத்தில் அவள் மண்டையோடு என்ன ஆகியிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து யோசித்திருந்தாலே கட்டுரை எழுதப்பட்டிருக்காது.

அடுத்து ‘பழகிய கை’. இரண்டு பேர் ஒரே மணிக்கட்டைப் பிடித்தால் நாடி எண்ணிக்கை ஒத்துப்போகும், ஏனென்றால் அங்கே நாடி இருக்கிறது. 1994இல் வர்த்-பட்டுல்லோவும் ஹேஸும் பயிற்சி பெற்ற மூன்று இயன்முறை மருத்துவர்களைக் கொண்டு 12 பேரின் கிரேனியோசேக்ரல் தாளத்தை எண்ணவைத்தார்கள். மூவரின் எண்ணிக்கைக்கும் இடையிலான ஒப்புமைக் கெழு -0.02. முழுமையாக ஒத்துப்போனால் அது 1 ஆக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எண்களைச் சொல்லியிருந்தாலும் இதே பலன்தான்.

இன்னும் தெளிவான சோதனை 2001இல் மோரனும் கிப்பன்ஸும் செய்தது. 11 ஆரோக்கியமானவர்கள், ஒரே நேரத்தில் ஒரு ஆஸ்டியோபதி நிபுணர் தலையைப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் இடுப்புக்குக் கீழே திரிக எலும்பைப் பிடித்திருக்கிறார். தாளத்தை உணரும்போதெல்லாம் சத்தமில்லாமல் காலால் ஒரு விசையை அழுத்த வேண்டும். ஒவ்வொருவரும் தன்னளவில் ஓரளவு சீராக அழுத்தினார்கள். இருவரின் தாளமும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. இதன் பொருள் என்ன? அவரவர் உணர்ந்தது நோயாளியின் உடலில் இருந்த தாளத்தை அல்ல. தன் கையிலும் மனதிலும் எழுந்ததைத்தான். இதைச் சொல்பவர்கள் ஆஸ்டியோபதியின் எதிரிகள் என்று தள்ளிவிடவும் முடியாது. இந்தச் சோதனைகளையெல்லாம் தொகுத்து, தாளம் உண்டென்பதற்கு ஆதாரமில்லை என்று 2002இல் எழுதிய ஹார்ட்மனும் நார்ட்டனும் ஓர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர்கள்.

தாளம் இல்லாவிட்டால் என்ன, குணம் தெரிகிறதே என்பது கட்டுரையின் அடுத்த வாதம். அதற்குக் கட்டுரையாளர் காட்டும் துருப்புச்சீட்டு, 2020இல் ஹாலர் குழு வெளியிட்ட தொகுப்பாய்வு: 10 ஆய்வுகள், 681 நோயாளிகள், நாள்பட்ட வலியில் முன்னேற்றம். அது உண்மையில் உள்ள ஆய்வுதான். ஆனால் வலி என்பது நோயாளி சொல்லும் அளவு. சிகிச்சை தருபவருக்குத் தான் தருவது அசலா போலியா என்பது தெரியும்; அவர் முகமும் பேச்சும் அக்கறையும் நோயாளியைச் சேரும். 2016இல் கில்லோ தலைமையில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கிரேனியல் ஆஸ்டியோபதி ஆய்வுகளின் தரத்தை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்து, நோயறியும் முறைக்கும் சரி, பலனுக்கும் சரி, நம்பத்தக்க சான்று ஏறக்குறைய இல்லை என்றே முடித்தார்கள்.

பிரிட்டனில் மூளை முடக்குவாதமுள்ள 142 குழந்தைகளிடம் நடத்தி 2011இல் வெளியான சோதனையைக் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை. அசைவுத் திறனிலும் வலியிலும் தூக்கத்திலும் நீடித்த முன்னேற்றம் தென்படவில்லை. ஆனால், ‘பொதுவாகப் பிள்ளை தேறியிருக்கிறானா?’ என்று கேட்டபோது, சிகிச்சை பெற்றவர்களின் வீட்டாரில் 38 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். சிகிச்சைக்குக் காத்திருந்த குழுவில் 18 சதவீதம். அளந்து பார்த்தால் ஒன்றுமில்லை, கேட்டால் முன்னேற்றம். பெற்றோரின் ஏக்கத்தைச் சிகிச்சையின் வெற்றியாகக் கணக்குக் காட்டுவதைவிடக் கொடுமை வேறில்லை.

குழந்தைகளுக்கு வருகிறேன். உரம் விழுந்த பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டிய பாட்டிக்குப் பொட்டெலும்புத் தாளம் பற்றிய கோட்பாடு எதுவும் இல்லை. அவர் பெயரைக் கடன் வாங்கி மிசௌரியில் பிறந்த ஊகத்துக்கு நம் மண்ணின் சாயம் பூச வேண்டாம். பாட்டி செய்தார் என்பதற்காக உரம் எடுப்பதும் மருத்துவமாகிவிடாது. கைக்குழந்தையின் காரணமற்ற அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். அந்த நாட்களில் யார் எதைச் செய்தாலும் பலித்தது போலவே தெரியும். 2024இல் கார்ன்ஸ் குழு 66 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆஸ்டியோபதி மென்தொடுகையும் மறுபாதிக்குச் சும்மா கைவைப்பதும் கொடுத்தது. அழுகை நேரத்தில் வேறுபாடு இல்லை. பச்சைப்பிள்ளை விடாமல் அழுவது குடல் செருகலாகவோ காதுச் சீழாகவோ மூளைக்காய்ச்சலாகவோ இருந்தால், முகாமில் தலையைப் பிடித்துக்கொண்டு கழியும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து.

இனி உப்பளத் தொழிலாளர்களின் தலைவலி. அதற்குக் காரணம் தேடி மண்டையோட்டுப் பொருத்துவாய்க்குள் போக வேண்டியதில்லை. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தது. பெரும்பாலானோர் உடல் தாங்கும் வெப்ப வரம்பைத் தாண்டி உழைக்கிறார்கள். நீரிழப்பு அறிகுறிகள் பரவலாக இருக்கின்றன. சிலருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறனே குறைந்திருக்கிறது. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. பாரம் கழுத்தில் இறங்குகிறது. ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தலைவலியை மென்தொடுகையால் ஆற்றலாம் என்று சொல்வது, முதலாளியையும் அரசையும் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டு, குற்றத்தைத் தொழிலாளியின் எலும்பின் மேல் சுமத்துவதாகும்.

கை வைத்தால் உடல் இளகும், மனம் சற்று அமைதியாகும். அதை யாரும் மறுக்கவில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே ஆரோவில் பக்கம் காசு கொடுத்து ஓய்வெடுக்க வருபவர்கள் இதை ஓய்வாக எடுத்துக்கொள்ளட்டும். மருத்துவம் என்று பெயர் சூட்டி உப்பளத்துக்குக் கொண்டுவரும்போதுதான் சண்டை. முகாமுக்குப் பணம் இருக்கிறதென்றால் அளத்துக்கு அளம் நிழற்கொட்டகையும் குடிநீரும் கழிப்பறையும் வரட்டும். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர் வீடு தேடி ரத்த அழுத்தம் பார்க்க வரும் நாளில் அளத்து வேலைக்குப் போனவர்கள் விடுபடாமல் இருக்க ஏற்பாடு செய்யட்டும்.

இத்தனைக்குப் பிறகும் கட்டுரையாளருக்குத் தன் வைத்தியத்தில் நம்பிக்கை இருந்தால், நிரூபிக்க அதிகச் செலவில்லை. அவருக்குப் பிடித்த இரண்டு நிபுணர்களைக் கூட்டிவரட்டும்; நடுவில் திரை கட்டி, ஒரே ஆளின் தாளத்தை ஒரே நேரத்தில் இருவரும் தனித்தனியாகக் குறிக்கட்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகும்வரை உப்பளத்து மக்களின் தலையில் கை வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.