46 வயசில் 20 இன்ச் சைக்கிள்: இதில் என்ன தப்பு?

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் கிளைக்குப் போய் வந்தேன். "என்ன சார் ஆச்சு?" என்று கேட்ட எல்லாரிடமும் "ஸ்கூட்டர்ல இருந்து விழுந்துட்டேன்" என்றேன். அப்பப்பா, என்ன ஒரு அனுதாபம்! பியூன் என் கையில் இருந்து ஃபைலை வாங்கிக்கொண்டு போனார். பென்ஷன் வாங்க வரும் மராட்டிப் பாட்டி ஒருவர் பாலில் மஞ்சள் போட்டுக் குடிக்கச் சொன்னார். எல்லாரும் சேர்ந்து புனே ரோடுகளை ஆசை தீரத் திட்டினோம்.

பாவம், ரோடு ஒரு தப்பும் செய்யவில்லை. நான் விழுந்தது பி.எம்.எக்ஸ் சைக்கிளில் இருந்து. நடைபாதை விளிம்பின் மேல் எகிறி ஏறப் பார்த்தேன். முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரம் ஏறவில்லை. அவ்வளவுதான்.

இந்த வருஷம் நம்மவர்கள் கூடிய பொங்கல் விழாவில் என் சீமந்த புத்திரன் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டான். அதே கை, அதே எலும்பு. ஆனால் அனுதாபம் போன இடம் தெரியவில்லை.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?"

"உங்கள நம்பி ஒரு குடும்பம் இருக்குல்ல?"

"அது சின்னப் பசங்க சைக்கிளாச்சே!"

ஒரு அக்கா நேராகத் தங்கமணியிடமே போய், "நீ எப்படிம்மா இதுக்கு விட்ட?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை, வாயில் சர்க்கரைப் பொங்கல். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சின்னப் பசங்க சைக்கிள்" என்பதை முதலில் முடித்துவிடலாம். 1970களின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியாவில் மோட்டோகிராஸ் பைக் ரேஸைப் பார்த்து ஆசைப்பட்ட பொடிசுகள், பைக்குக்கு வழியில்லாமல், இருந்த குட்டி சைக்கிளை மண்மேட்டில் ஏற்றி இறக்கினார்கள். பைசிக்கிள் மோட்டோகிராஸ் என்பதன் சுருக்கம்தான் பி.எம்.எக்ஸ். 20 இன்ச் சக்கரம், ஒரே கியர், உட்கார உதவாத அளவுக்குத் தாழ்ந்த சீட். 1982ல் வந்த 'ஈ.டி.' படத்தில் பையன்கள் வைத்திருப்பது இதைத்தான். ஆரம்பித்தது பசங்கதான், மறுக்கவில்லை. ஆனால் 2008 பெய்ஜிங்கில் பி.எம்.எக்ஸ் ரேஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைலும் சேர்ந்தது. உலகப் போட்டிகளில் 24 இன்ச் சக்கரம் கொண்ட 'க்ரூஸர்' பிரிவில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வயசு வாரியாகத் தனி ரேஸே உண்டு. 1966ல் பிறந்த டென்னிஸ் மெக்காய் என்ற அமெரிக்கர், ஐம்பது தாண்டிய பிறகும் எக்ஸ் கேம்ஸில் சரிவுச் சுவரில் ஏறி அந்தரத்தில் சுழன்றுகொண்டிருந்தார்.

மெக்காயைக் காட்டி எனக்கு நியாயம் தேடப் போவதில்லை. அவர் அதையே தொழிலாகச் செய்தவர். நான் பி.காம். படித்துவிட்டு, அடுத்தவர் வாங்கிய கடனுக்குக் கவலைப்படும் ஆள். வயசுக்கும் இந்தச் சைக்கிளுக்கும் ஜென்மப் பகை ஒன்றும் இல்லை, அது போதும் எனக்கு.

இனி என் கதை. எங்கள் ஊர் கரூர். அங்கே பிறந்தவனுக்கு டெக்ஸ்டைல், பஸ் பாடி, பேங்க், இந்த மூன்றில் ஒன்று விதித்திருக்கும் என்பார்கள். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதினார். 1990ல் நான் ஆறாவது படிக்கும்போது மாமா ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு கம்பி, கம்பிக்கு மேல் பஞ்சு உறை. அந்தக் காலத்தில் நம் ஊர்க் கடைகளில் பி.எம்.எக்ஸ் என்று விற்றது அதுதான். அமராவதி ஆற்றங்கரை மண்மேட்டில் சென்ட்ரிங் பலகையைச் சாய்த்து வைத்துக் குதிப்போம். எத்தனை முறை முட்டி பெயர்ந்தது என்பதற்குக் கணக்கே இல்லை. விபூதியை அப்பிக்கொண்டு திரும்பவும் ஏறுவோம்.

ப்ளஸ் ஒன் சேர்ந்த வாரம் அப்பா சைக்கிளைத் தூக்கிச் சித்தப்பா பையனுக்குக் கொடுத்துவிட்டார். "இனிமே படிக்கிற வழியப் பாரு" என்பதோடு சரி. ஸ்கூல் விட்டு வந்தேன், சைக்கிள் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவர் போட்ட கணக்கு பலித்தது, நான் பேங்க் ஆபீசர் ஆனேன். ராய்ப்பூர், கட்டாக், இப்போது புனே என்று டிரான்ஸ்ஃபரில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2023ல் எங்கள் அடுக்ககத்தில் ஒரு காலேஜ் பையன் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போவதால் தன் பி.எம்.எக்ஸை விற்கிறேன் என்று லிஃப்டில் ஒட்டியிருந்தான். குரோமோலி ஸ்டீல் ஃபிரேம், முன்னால் 25 பல், பின்னால் 9 பல். பார்க்கத்தான் போனேன், 14,000 ரூபாய் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். தங்கமணி, பையனுக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம்.

ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை எங்களுக்கு லீவு. அன்றைக்குக் காலை ஆறரைக்கு, பாதியில் நின்றுபோன ஒரு ரோட்டின் முனைக்குப் போவேன். அங்கே நாலைந்து மராட்டிப் பையன்கள் வருவார்கள். என்னைக் 'காகா' என்று கூப்பிடுகிறார்கள். சித்தப்பா என்று அர்த்தம், பறவை இல்லை :-) பன்னி ஹாப் என்று ஒன்று இருக்கிறது. உடம்பைப் பின்னால் தள்ளி முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும். அது மேலே வந்ததும் எழுந்து நின்று கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். அதே நேரம் பாதத்தால் பெடலைப் பின்பக்கமாக வாரித் தூக்கினால் பின் சக்கரமும் தரையை விட்டு எழும். படிக்க எளிது. நான் ஒரு செங்கல்லைத் தாண்ட நாலு மாசம் ஆனது. நான் பயந்து முன்னால் சாயும்போதெல்லாம் பையன்கள் "காகா, மாகே! மாகே!" என்று கத்துவார்கள். பின்னால போ, பின்னால போ என்று.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

"உங்கள நம்பி ஒரு குடும்பம் இருக்கு." இருக்கிறது, மறக்கவில்லை. ஆனால் இந்தக் கவலை ஏன் ஸ்கூட்டருக்கு வரவில்லை? மத்திய அரசின் கணக்குப்படி 2022ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அந்த வண்டியில்தான் தினமும் லாரிக்கும் டெம்போவுக்கும் நடுவில் புகுந்து வேலைக்குப் போகிறேன். இருபது வருஷமாக யாரும் "குடும்பம் இருக்கே சார்" என்றதில்லை. வேலைக்குப் போகும் வழியில் எலும்பு முறிந்தால் கடமை. விளையாடும்போது முறிந்தால் கொழுப்பு. உங்களுக்கு உறுத்துவது ஆபத்து இல்லை, நான் சந்தோஷமாக இருக்கும்போது விழுந்ததுதான்.

இதில் ஒரு நியாயமான பக்கம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஸ்கூட்டர் ஆபத்து தவிர்க்க முடியாதது, சைக்கிள் ஆபத்து நானாகச் சேர்த்துக்கொண்டது. பதினாறு வயசில் எலும்பு கூடுகிற வேகம் இப்போது இல்லை. அந்த ஆறு வாரமும் தங்கமணிதான் எனக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டாள், வேலைக்குப் போகிற அவசரத்தில். கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு. கேட்டாள், ஒரு ராத்திரி முழுக்கக் கேட்டாள். ஹெல்மெட், முட்டிக் காப்பு, மணிக்கட்டுக் காப்பு எல்லாம் வந்தது அதற்கப்புறம்தான். பிரேக்கே இல்லாமல் ஓட்டுவது இந்த விளையாட்டில் ஒரு ஸ்டைல். என் சைக்கிளில் பின் பிரேக் கழற்றப்படாது என்று ஒப்பந்தம். மெடிக்கல் பாலிசியையும் எடுத்துப் படித்தேன். சாகச விளையாட்டு விலக்கு என்று இருக்கும் ஷரத்து, அதில் தொழில்முறையாக ஈடுபடுகிறவர்களுக்குத்தான். நான் தொழில்முறை ஆள் இல்லை என்பதற்கு என் பன்னி ஹாப்பே சாட்சி. ஆக, கேட்க வேண்டியவள் கேட்டாயிற்று. பொங்கல் பந்தியில் கேட்டவர்களுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

அடுத்தது, "எக்சர்சைஸ்தான் வேணும்னா வாக்கிங் போங்களேன்". நம்மவர்களிடம் பெரியவன் ஒருவன் உடம்பை அசைக்க அனுமதி வாங்க வேண்டுமென்றால் சுகர் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். மாரத்தானுக்கு மன்னிப்பு உண்டு, கழுத்தில் மெடல் போட்டுப் படம் எடுக்கலாம். எதைச் செய்தாலும் அதில் ஒரு வரவு காட்ட வேண்டும். நானும் முதலில் அப்படித்தான் சமாளித்தேன்: தொப்பை குறையும், முட்டிக்கு நல்லது, டார்கெட் டென்ஷன் போகும் என்று. எல்லாம் சால்ஜாப்பு. தொப்பை குறையவில்லை. மார்ச் மாசத்து டென்ஷன் மார்ச் மாசம் வரத்தான் செய்கிறது. ரெண்டு சக்கரமும் தரையை விட்டு எழும் அந்த அரை வினாடிக்காகத்தான் போகிறேன், அதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் வரவு செலவைப் பார்க்கிறவனுக்கு, வரவே இல்லாத ஒன்று சொந்தமாக இருக்கக் கூடாதா?

"பையனுக்கு நல்ல முன்மாதிரி" என்று சிலர் எனக்கு ஆதரவாகப் பேசினார்கள். நன்றி, ஆனால் அதுவும் வேண்டாம், அதுவும் ஒரு லாபக் கணக்குதான். பையன் விஷயத்தில் எனக்கு வேறு ஒரு உறுத்தல் இருக்கிறது. ஆறு வயசில் அவனை ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்தோம். சர்டிஃபிகேட் வந்தது, மெடல் வந்தது, ஷோகேஸில் வைத்தோம். ஒன்பதாவது வந்ததும் கோச்சிங் என்று நிறுத்திவிட்டோம். "இனிமே படிக்கிற வழியப் பாரு" என்று நான் சொல்லவில்லை, இங்கிலீஷில் நாகரிகமாகச் சொன்னேன். அந்த ஸ்கேட்ஸ் பரண் மேல் இருக்கிறது. அப்பா கொடுத்துவிட்டார், நான் பரணில் போட்டேன். வேறென்ன வித்தியாசம்? பொங்கல் அன்று அவன் உண்மையைப் போட்டு உடைத்தபோது என்னைக் கேலி செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, "எங்கப்பா ஒரு அடி உயரம் குதிப்பாரு" என்று ஒரு பையனிடம் பெருமை அடித்திருக்கிறான். (அரை அடிதான். பாசம் கணக்குப் பார்க்காது.)

கடைசியாக ஒன்று. கரூரில் இருந்திருந்தால் இந்தச் சைக்கிளை நான் வாங்கியிருக்க மாட்டேன். தெருமுனை டீக்கடையில் பத்து பேர் பார்ப்பார்கள், அம்மா காதுக்கு அரை மணியில் போய்விடும். நாமெல்லாம் ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். இங்கே பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் என்னைப் பார்த்து, "காற்று எவ்வளவு அடிக்கிறீர்கள்?" என்று மட்டும்தான் கேட்டார். "இந்த வயசுல தேவையா?" என்று கேட்டது முழுக்க முழுக்க நம் ஆட்கள். அரிசி, புளி, இட்லிப் பொடி என்று எல்லாம் கட்டிக்கொண்டு வந்தோம், சரி. அந்த டீக்கடைப் பத்து பேரையும் எதற்காகக் கூட்டிக்கொண்டு வந்தோம்? கோலம், கோவில், தமிழ் வகுப்பு என்று காப்பாற்ற எத்தனையோ இருக்கும்போது, இதைப் போய் பொத்திப் பொத்தி வளர்க்கிறோம்.

நானும் அதற்குப் பயந்தவன்தான், அதனால்தான் ஆறு வாரம் பொய் சொன்னேன். பொங்கல் முடிந்த திங்கட்கிழமை கிளையில் உண்மையைச் சொல்லிவிட்டேன். ரெண்டு பேர் சிரித்தார்கள். கேஷ் கவுன்டரில் இருக்கும் அம்மா, ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருப்பவர், மதியம் தனியாக வந்து சொன்னார்: "நான் காலேஜில் கோ-கோ ஆடினேன் சார். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூட ஓடினதில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர."

அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். "இந்த வயசுல தேவையா?" என்பதைத் தவிர எது வேண்டுமானாலும் சொல்லலாம்.

டிஸ்கி 1: சைக்கிள் வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. முதலில் ஹெல்மெட்டை வாங்குங்கள், சைக்கிள் அப்புறம்.

டிஸ்கி 2: அம்மாவுக்கும் போனில் சொல்லிவிட்டேன். "ஏங்கண்ணு, உனக்கெதுக்கு இந்த வேல?" என்று அழுதார். அழுது முடித்துவிட்டு, "அந்தப் பழைய சைக்கிளு இன்னும் சித்தப்பா வூட்டு மாட்டுக் கொட்டாயிலதான் கெடக்குது" என்றார். அடுத்த லீவுக்கு டிக்கெட் போட்டாயிற்று.