விழுந்த பல்லும் வேரூன்றும் உலோகமும்

"பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு" என்பது முன்னோர் வாக்கு. பல் நீங்கிய வாயிலே சொல் மட்டுமா குன்றுகின்றது? கடித்து மென்று உண்ணும் பண்டங்கள் ஒவ்வொன்றாக விலக, குழைந்த சோறும் கஞ்சியுமே எஞ்சுகின்றன. வாய்திறந்து சிரித்தற்கு நாணி, நாலுபேர் கூடும் இடத்தைத் தவிர்ப்பாரும் உளர். ஆதலின், இழந்த பல்லை எவ்வாறேனும் மீளப் பெறவேண்டும் என்னும் அவா மனித குலத்துக்குப் புதியதன்று.

1931ஆம் ஆண்டிலே, மத்திய அமெரிக்காவின் ஹொண்டுராஸ் நாட்டில் அகழ்வாய்வு செய்தோர் மாயா இனத்தவர் ஒருவரின் கீழ்த்தாடை எலும்பைக் கண்டெடுத்தனர். அஃது ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. முன்பற்கள் மூன்றின் இடத்திலே, பல்வடிவாகச் செதுக்கிய சிப்பியோட்டுத் துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. இறந்தபின் சடங்காக வைத்தவையாக இருக்கலாம் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. 1970ஆம் ஆண்டில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து நோக்கியபோதுதான், அத்துண்டுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருத்தல் புலனாயிற்று. எலும்பு வளர்ந்ததெனின், அவற்றைப் பதித்தபோது அம்மனிதர் உயிரோடிருந்தார் என்பது வெளிப்படை.

அன்று சிப்பி செய்த தொழிலை இன்று தைத்தேனியம் என்னும் உலோகம் செய்கின்றது. தாடை எலும்பிலே சிறு திருகாணி போன்ற உலோக வேர் ஒன்றைப் பதித்து, அதன்மேற் பல்லைப் பொருத்தும் இம்முறையைப் பல்வைத்தியர் 'இம்பிளான்ற்' என்பர். நாம் அதனை உள்வைப்பு என வழங்குவோம். இவ்வுள்வைப்புகள் எத்துணைக் காலம் நிலைக்கும்? செலவிடும் பொருளுக்குத் தக்க பயன் உண்டா? இவ்விரு வினாக்களையுமே இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம்.

முயலின் காலிற் பிறந்த உண்மை

1952ஆம் ஆண்டிலே, சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில் பேர்-இங்வார் பிறேனெமார்க் என்னும் இளம் ஆய்வாளர், எலும்பினுள்ளே குருதி ஓடுமாற்றை ஆராய்ந்து கொண்டிருந்தார். உயிருள்ள விலங்கில் அதனை நேரிற் காண விரும்பி, தைத்தேனியத்தாற் செய்த நுண்ணிய பார்வைக் கூடு ஒன்றை முயலின் கால் எலும்பிற் பொருத்தினார். ஆய்வு முடிந்தபின், விலையுயர்ந்த அக்கருவியைக் கழற்றி மீளப் பயன்படுத்த முயன்றார். கருவியோ கழன்று வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றாய் இறுகிப் பிணைந்திருந்தது. பிறர் இதனைத் தொல்லையென்று தள்ளியிருத்தல் கூடும். அவரோ, 'பிணைந்தது ஏன்?' என்று வினவினார். அவ்வினாவே ஒரு புதிய வைத்தியத் துறைக்கு வித்தாயிற்று.

அதற்கு முன்னரும் பல உலோகங்களைத் தாடையிற் பதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் நிலைக்கவில்லை. உடல் அவற்றை அந்நியப் பொருளெனக் கருதி, நார்த்திசுவினால் ஓர் உறை அமைத்துச் சூழ்ந்துகொள்ளும். நாளடைவில் அவை ஆட்டங்கண்டு விழும். தைத்தேனியத்தின் இயல்பு வேறு. காற்றுப் பட்ட கணமே அதன் மேற்பரப்பில் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படிந்துவிடுகின்றது. அப்படலத்தை உடல் பகையாகக் கொள்வதில்லை. எலும்புக் கலங்கள் அதனை நெருங்கி, இடையில் நார்த்திசு இன்றி நேரடியாகவே எலும்பை வளர்க்கின்றன. இதனையே எலும்பிணைவு என்கிறோம்.

1965ஆம் ஆண்டிலே கொதன்பர்க் நகரில் பிறேனெமார்க் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இச்சிகிச்சையைச் செய்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உடைய அவருடைய கீழ்த்தாடையிற் பதித்த வேர்கள், அவர் 2006ஆம் ஆண்டில் இறக்கும்வரை, நாற்பதாண்டுகளுக்கு மேலாக, அவருக்குப் பயன்பட்டன. எனினும் பல்வைத்திய உலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை, நீண்டகாலம் ஐயுற்றது. 1982ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரிற் கூடிய மகாநாட்டின் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவலாயிற்று. பிறேனெமார்க் 2014ஆம் ஆண்டில், தமது 85ஆவது வயதிற் காலமானார்.

எண்கள் கூறுவன

ஐயுற்றோரை இணங்கச் செய்தது வாதத்திறம் அன்று, பொறுமையோடு எடுத்த கணக்கே. 1981ஆம் ஆண்டில் சுவீடன் குழுவினர் பதினைந்தாண்டு அநுபவத்தை வெளியிட்டனர். 371 நோயாளருக்குப் பதித்த 2,768 உள்வைப்புகளின் வரலாறு அது. ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், மேற்றாடையிற் பதித்தவற்றுள் நூற்றுக்கு 81உம், கீழ்த்தாடையிற் பதித்தவற்றுள் நூற்றுக்கு 91உம் உறுதியாய் நின்றன. மேற்றாடை எலும்பு பஞ்சுபோல் மென்மையானது. கீழ்த்தாடை எலும்பு செறிவானது. வேறுபாட்டிற்கு இது முக்கிய காரணமாகும்.

பின்னர் உள்வைப்பின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் முறைகள் வந்தன, பயனும் உயர்ந்தது. 2012ஆம் ஆண்டில் வெளியான தொகுப்பாய்வொன்றின்படி, ஒற்றைப் பல்லுக்காகப் பதித்த உள்வைப்புகளுள் ஐந்தாண்டின் பின் நூற்றுக்கு 97உம், பத்தாண்டின் பின் நூற்றுக்கு 95உம் நிலைத்திருந்தன. வைத்திய சாதனங்களுள் இது மெச்சத்தக்க பயனே.

ஆயினும் மாணவர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். நிலைத்தது என்பது வேறு, நலமாய் இருக்கின்றது என்பது வேறு. வாயில் இருக்கும் உள்வைப்பு எல்லாம் 'நிலைத்தவை' என்னும் கணக்கில் அடங்கும். சுற்றியுள்ள முரசு வீங்கிச் சீழ் வடிந்தாலும் அது நிலைத்ததே. இக்குறையை உணர்ந்தே 1986ஆம் ஆண்டில் சில அறிஞர் வெற்றிக்கு உரைகல் வகுத்தனர். உள்வைப்பு ஆடலாகாது, நோவும் தொற்றும் இருத்தலாகாது, முதலாண்டின் பின் சுற்றியுள்ள எலும்பு ஆண்டொன்றுக்கு 0.2 மில்லிமீற்றருக்கு மேல் தேயலாகாது. இவை அவர் கூறிய விதிகளுட் சில.

நலத்தை நோக்கின் எண்கள் சற்றே இறங்குகின்றன. மேற்கூறிய தொகுப்பாய்விலேயே, வேர் நிலைத்தபோதும் அதன்மேற் பொருத்திய பல் மகுடங்களுள் பத்தாண்டின் பின் நூற்றுக்கு 89 மட்டுமே எஞ்சின. திருகாணி தளர்தல், பீங்கான் உடைதல் போன்ற பழுதுகளும் நேர்ந்தன. 2016ஆம் ஆண்டில் சுவீடனில் வெளியான ஆய்வொன்று, சிகிச்சை பெற்று ஒன்பதாண்டுகள் கழிந்தவர்களைச் சோதித்தது. அவர்களுள் நூற்றுக்கு 45 பேரிடம் உள்வைப்பைச் சுற்றி எலும்பைத் தின்னும் அழற்சி ஓரளவேனும் காணப்பட்டது. நூற்றுக்கு 14 அல்லது 15 பேரிடம் அது குறிப்பிடத்தக்க அளவுக்கு முற்றியிருந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. பத்தாண்டின் பின் நூற்றுக்கு 95 நிலைக்கும் என்றால், ஆறு உள்வைப்புகள் உடைய ஒருவர்க்கு ஆறும் நிலைக்கும் வாய்ப்பு 95 வீதம் அன்று. ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டு 0.95ஐ ஆறுமுறை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 74 வீதமே வரும். உண்மையில் அவை முற்றும் சாராதவையும் அல்ல. ஒரே வாயில் ஒன்று கெடின் மற்றையவும் கெடுதல் மிகுதி. ஆதலின் தோல்விகள் எல்லோரிடமும் சமமாகப் பரவாமல், சிலரிடமே குவிகின்றன. அச்சிலருள் ஒருவராய் ஆகாதிருத்தல் எங்ஙனம் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

யாரிடம் தவறுகின்றது?

புகைப்பவரிடம் உள்வைப்புத் தவறும் வாய்ப்பு, புகையாதவரிலும் ஏறத்தாழ இருமடங்கு. புகையிலை குருதிக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தடுக்கின்றது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் நம்மவரும் இதனைத் தமக்குரிய எச்சரிக்கையாகக் கொள்ளல் தகும். முரசைக் கெடுப்பதோடு வாய்ப் புற்றுநோய்க்கும் வழிதிறப்பது அப்பழக்கம். புற்றுநோய்க்காகத் தாடையிற் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்க்கு உள்வைப்பு மேலும் சிக்கலானது.

கட்டுக்கடங்காத நீரிழிவும் தடையே. சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்க்கு அது பெருந்தடையன்று. முரசு நோயினாற் பற்களை இழந்தவர், அந்நோயைத் தீர்க்காது உள்வைப்பை நாடினால், பல்லைக் கெடுத்த பற்றீரியாக்களே உலோக வேரையும் சூழும். இயற்கைப் பல்லை எலும்போடு தொடுக்கும் நுண்ணிய நார்கள் உள்வைப்புக்கு இல்லை. ஆதலின் தொற்று ஏற்படின், அஃது எலும்பை நோக்கி விரைந்து இறங்கும். உள்வைப்பிற் சூத்தை விழாது என்பது மெய். நோய் அணுகாது என்பது பொய்.

எலும்புத் தேய்வுக்கென மருந்து உட்கொள்ளும் முதியோர், அம்மருந்தின் பெயரைப் பல்வைத்தியரிடம் முன்னரே கூறல் வேண்டும். அவற்றுட் சில, அரிதாகவேனும், தாடை எலும்பின் புண் ஆறாமற் போகக் காரணமாகின்றன. வளரும் பிள்ளைகளுக்கும் பொதுவாக உள்வைப்புத் தகாது. விளையாட்டிலே முன்பல் பறிகொடுத்த மாணவன், தாடை வளர்ச்சி முடியும்வரை பொறுத்தல் வேண்டும். இல்லையேல், ஏனைய பற்கள் தாடையோடு கூட வளர, உள்வைப்பு மட்டும் பதித்த இடத்திலேயே தங்கிக் குட்டையாய்த் தோன்றும்.

"இந்த வயதில் எனக்கு எதற்கு?"

வெளிநாட்டிலிருக்கும் மகன், "அம்மா, காசு அனுப்புகிறேன், பல்லைக் கட்டுங்கோ" என்கிறான். ஊரிலிருக்கும் தாயோ, "இந்த வயதில் எனக்கு எதற்கடா?" என்று மறுக்கிறாள். இன்று பல வீடுகளில் எழும் உரையாடல் இது. இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு.

முதுமை மட்டும் ஒரு தடையன்று. உடல்நலம் சீராயின் எழுபது வயதிலும் எலும்பு உலோகத்தோடு பிணையும். ஆயினும் வாய் முழுவதும் வேர் நாட்டவேண்டும் என்பதில்லை. பற்கள் முற்றும் போனவர்க்குப் பெருந்தொல்லை தருவது கீழ்க் கட்டுப்பல்லே. மேற்கட்டுப்பல் அண்ணத்தைப் பற்றிக்கொள்ளும். கீழ்க் கட்டுப்பல்லையோ நாக்கு ஓயாது தள்ளும். மேலும், பல் நீங்கிய கீழ்த்தாடை மேடு ஆண்டுதோறும் தேய்கின்றது. இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து, 1972ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, கீழ்த்தாடையின் முன்மேடு மேற்றாடையினதிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்ந்ததைக் காட்டிற்று.

இதற்கு ஓர் இடைவழி உண்டு. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே உள்வைப்புகளைப் பதித்து, கழற்றி மாட்டும் கட்டுப்பல்லை அவற்றிற் பொருத்தலாம். பல்லற்ற கீழ்த்தாடைக்கு இதுவே முதலிற் கருதத்தக்க சிகிச்சை என, 2002ஆம் ஆண்டில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய வல்லுநர் பரிந்துரைத்தனர். ஆறும் எட்டும் பதிப்பதினும் செலவு குறைவு, கட்டுப்பல்லும் ஆடாது. மகனின் அன்பும் தாயின் சிக்கனமும் ஒருங்கே நிறைவேறும் வழி இது.

ஆனால் மகன் அறியவேண்டியது ஒன்றுண்டு. பணம் ஒருமுறை அனுப்புவதோடு கடமை முடிவதில்லை. தாய் நாள்தோறும் அதனைத் துலக்கல் வேண்டும். ஆண்டுதோறும் வைத்தியரிடம் சென்று சோதிக்க வேண்டும். கை நடுங்கும் முதியவர்க்கு அதில் உதவுவார் வீட்டில் உளரா என்பதையும் எண்ணிய பின்னரே முடிவு செய்தல் நன்று.

வைத்தியரிடம் கேட்க வேண்டியவை

சிகிச்சைக்கு உடன்படுமுன் சில வினாக்களைத் தயங்காது கேளுங்கள். இப்பல்லைக் காப்பாற்றவே முடியாதா? என் முரசு நோயற்றதா? என் எலும்பின் பருமன் போதுமா? உலோக வேரை ஆக்கியவர் யார். பத்தாண்டின் பின் அதற்கு உதிரிப்பாகம் கிடைக்குமா? பழுது நேரின் செலவு யாருடையது? ஆண்டுச் சோதனைக்கு எங்கே வருவது? நல்ல வைத்தியர் இவ்வினாக்களைக் கேட்டு வெகுளார், மகிழ்வார். பதித்த வேரின் பெயரும் அளவும் எழுதிய குறிப்பைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். வைத்தியர் மாறினாலும் ஊர் மாறினாலும் அக்குறிப்பே துணை.

இவ்வினாக்களுள் முதலாவதே தலையாயது. நன்கு சிகிச்சை செய்து பேணிய பல், முரசு நோய்ப்பட்டதாயினும், பல்லாண்டு பணிசெய்யக் கூடியது. உள்வைப்பு அதனிலும் நீண்டு நிலைக்கும் என்பதற்கு ஆய்வுகளிற் போதிய சான்று இல்லை. பிடுங்கிய பல்லை மீள நடமுடியாது; பிடுங்காத பல்லுக்குப் பின்னரும் உள்வைப்பு வைக்கலாம். ஆதலின் அவசரம் வேண்டா.

உலோகத்துக்கும் எலும்புக்கும் உறவு உண்டாக்கிய விஞ்ஞானத்தைப் போற்றுவோம். அதனை இழந்தவர்க்கு உதவும் வழியாகக் கொள்வோம். இழத்தற்கு ஒரு சாட்டாகக் கொள்ளாதிருப்போம். பிள்ளைகள் இன்றிரவு படுக்கைக்குச் செல்லுமுன் இரண்டு நிமிடம் பல் துலக்குதலே, இக்கட்டுரையிற் கூறிய சிகிச்சைகள் யாவற்றிலும் மலிவானதும் சிறந்ததும் ஆகும்.