தொடக்கப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி: காவிரிப் படுகை மாவட்டங்களுக்கான நிலைப்பாட்டு அறிக்கை

உடல், புலன், அறிவு வளர்ச்சி, கற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் உள்ள வேறுபாட்டால் வழக்கமான வகுப்பறைக் கற்பித்தலுக்கு மேல் கூடுதல் துணை வேண்டியிருக்கும் குழந்தைகள் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் எனப்படுகின்றனர். காவிரிப் படுகையின் தொடக்கப் பள்ளிகளில் பயிலும் இத்தகைய குழந்தைகளுக்கு அந்தத் துணை ஒன்றியத் தலைமையிடத்தில் அல்லாமல் அவர்கள் படிக்கும் பள்ளியிலேயே கிடைக்க வேண்டும் என்பதும், மருத்துவச் சான்று கைக்கு வரும்வரை அது தள்ளிப்போடப்படக் கூடாது என்பதும் இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

சட்டத்தில் பெரிய குறை இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை இயலாமைகளையே ஏற்றிருக்க, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு முதலியவற்றைச் சேர்த்து அவற்றை 21 ஆக்கியதோடு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியையும் உறுதி செய்தது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய குழந்தைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் கூறியது. ஆனால் 60 மாணவர்களுக்குள் உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்பதே கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அத்தகைய ஈராசிரியர் பள்ளிகள் நிறைந்த படுகைக் கிராமங்களில் ஒரு பள்ளிக்கு ஒன்றிரண்டு குழந்தைகளே இத்துணையை வேண்டுவோராக இருப்பர் என்பதால், பள்ளிவாரியாகக் கணக்கிட்டால் எந்தப் பள்ளிக்கும் சிறப்பாசிரியர் கிடைக்க மாட்டார். ஆகவே அருகருகே உள்ள சில பள்ளிகளை இணைக்கும் குறுவள மையத்தை அலகாகக் கொண்டு இந்த விகிதம் கணக்கிடப்பட வேண்டும்.

இன்றைய ஏற்பாட்டில், ஒன்றியம்தோறும் உள்ள வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் பல பள்ளிகளுக்குச் சுற்று முறையில் சென்று வருகின்றனர். தசை, மூட்டு இயக்கத்துக்கான இயன்முறைப் பயிற்சிக்குக் குழந்தைதான் மையத்துக்கு வர வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் பேராவூரணி, சேதுபாவாசத்திரம் போன்ற கடைமடைப் பகுதிகளின் உட்கிராமங்களிலிருந்து இப்பயணம் அரை நாளை விழுங்கிவிடும். மேட்டூர் அணை பாசனத்துக்காக ஜூன் 12 அன்று திறக்கப்படும் ஆண்டுகளில் பள்ளித் திறப்பும் குறுவை நெல் பணிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. கைநடவு இன்னும் நடக்கும் ஊர்களில் விடியலிலேயே நாற்றுப் பறிக்கப் போகும் தாய் அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மையத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். நகரப் பேருந்தில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பது நல்ல ஏற்பாடே. ஆனால் அது கூலியை ஈடுசெய்யாது. இதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று பதிவேட்டில் எழுதுவது எளிது, நியாயமன்று. 1981இல் தொடங்கப்பட்ட ஆய்க்குடி அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்களை வீடுகளுக்கே அனுப்பும் முறையைத் தென்காசிப் பகுதியில் நெடுங்காலமாக நடத்தி வருவது, சேவை குழந்தையைத் தேடிப் போவது நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற வாதத்துக்கு விடையாகிறது.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்பது அறிவுத்திறன் இயல்பாக இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் மட்டும் நீடிக்கும் இடர்ப்பாடு ஆகும். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறை 8 வயதுக்குப் பின்னரே இதற்குச் சான்று வழங்க இடமளித்தது. அதற்குள் குழந்தை மூன்றாம் வகுப்பை எட்டிவிடும். ஆனால் தமிழ் வரிவடிவம் இடர்ப்பாட்டை முன்னதாகவே காட்டிக்கொடுக்கிறது. கெ, கே, கை ஆகியவற்றில் கொம்பு முன்னால் எழுதப்பட, அதன் ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. கு, சு, நு, மு என உகரமோ எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. ‘பெட்டி’யைப் ‘பட்டி’ என்று பல குழந்தைகள் தொடக்கத்தில் வாசிப்பர்; திரும்பத் திரும்பக் கற்பித்த பின்னும் இரண்டாம் வகுப்பின் நடுவில் ஒரு குழந்தை அப்படியே வாசித்தால் அது கவனிக்கத்தக்கது. அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்காக மாநில அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் எனப் படிநிலைகள் இருக்கின்றன; அரும்பிலேயே நீண்டகாலம் நின்றுவிடும் குழந்தையின் பதிவு ஆசிரியர் கையில் ஏற்கெனவே உள்ளது. அந்தப் பதிவே சிறப்புப் பயிற்றுநரை வரவழைக்கப் போதுமானதாக இருக்க வேண்டும். இது புதிய கருத்தன்று; இயலாமையின் வகையை விடக் குழந்தையின் தேவையே முதன்மை என்று பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1978இலேயே வாதிட்டது.

கட்டடங்களைப் பொறுத்தவரை, பெயரளவிலான சாய்தளம் ஏற்கத்தக்கதல்ல. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது விதி. ஒன்றரை அடி உயரப் படிக்கு 18 அடி வேண்டியிருக்க, ஆறேழு அடியில் செங்குத்தாகக் கட்டி முடிக்கப்படும் சாய்தளத்தில் சக்கர நாற்காலியை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறாகும் வாயிற்பாதையும் கழிப்பறை வழியும் சாய்தளத்தோடு சேர்த்தே மதிப்பிடப்பட வேண்டும். 94 குழந்தைகளைப் பலிகொண்ட 2004ஆம் ஆண்டின் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தைக் கண்ட மாவட்டத்தில், நடக்க இயலாத குழந்தையின் வகுப்பு தரைத்தளத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தனியே வற்புறுத்த நேர்வது வருந்தத்தக்கது.

அருகமைப் பள்ளியை வலியுறுத்துவதால், தஞ்சாவூரில் பார்வை, செவித்திறன் குறையுடைய குழந்தைகளுக்கென அரசு நடத்தும் தனிப் பள்ளிகளை மூட வேண்டும் என்று இவ்வமைப்பு கருதவில்லை. சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் தனியே அமர்த்தப்படும் காது கேளாத குழந்தை, உள்ளடக்கிய கல்வி என்ற பெயரில் தனித்துவிடப்படுகிறது. அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு வழிகாட்டிகளாகவும் அமர்த்தப்படலாம்.

இவையனைத்தும் பயிற்றுநர் நிலைத்திருப்பதைப் பொறுத்தவை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் தொகுப்பூதியத்தில் பணியாற்றுவோரின் ஊதியம் மத்திய நிதியை நம்பியிருக்கிறது; மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராததைக் காரணம் காட்டி 2024–25ஆம் ஆண்டு நிதி நிறுத்தப்பட்டபோது அந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பது வெளிப்பட்டது. நிதியை நிறுத்தியது தவறு. அதற்காக மாநில அரசு தன் பொறுப்பைத் தள்ளிவைக்கவும் இயலாது: இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற சிறப்பாசிரியர்களுக்கான நிரந்தரப் பணியிடங்கள் மாநில வரவு செலவுத் திட்டத்திலேயே உருவாக்கப்பட்டு, குறுவள மையவாரியான பணியிட எண்ணிக்கை ஒவ்வொரு கல்வியாண்டும் ஜூன் மாதத்துக்கு முன் வெளியிடப்பட வேண்டும்.