அமைதியான ஊராம்!

போன தை மாதம் என் தங்கை மகன் குடும்பத்தோடு புதுச்சேரியிலிருந்து காரில் வந்திருந்தான். கன்னியாகுமரி, சுசீந்திரம் எல்லாம் பார்த்தாயிற்று. "கூட்டம் இல்லாத இடமா ஒண்ணு காட்டுங்க மாமா" என்றான். பூதப்பாண்டிப் பக்கம், பழையாற்றங்கரையில் ஒரு சிற்றூருக்கு அழைத்துப் போனேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து கார் போய் நிற்கும்.

படித்துறை, அரசமரம், பின்னால் தாடகை மலை. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. "என்ன அமைதி! இந்த ஊர் இப்படியே இருக்கணும் மாமா" என்று படம் எடுத்துத் தள்ளினான்.

படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "சத்தம் போட ஆளு வேண்டாமா அண்ணாச்சி? இந்நேரம் கும்பப்பூ கதிரு முத்தி நிக்கணும். பயலுவ எல்லாம் கல்ஃபுலயும் பெங்களூருலயும்லா இருக்கான்" என்றார்.

அவர் கை காட்டிய பக்கம் பார்த்தேன். வயலில் பாதி தரிசு, கொஞ்சம் வாழை. சாலையை ஒட்டிய பகுதியில் செம்மண் அடித்து, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டிருந்தார்கள்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஆற்றங்கரைக் கிராமம் என்றால் பாடப் புத்தகத்தில் பார்த்த லுவார் நதிப் படம்தான் சின்ன வயதில் மனதில் நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு நாகர்கோவிலுக்கு வந்தபோதுதான் நிஜமான ஆற்றங்கரைக் கிராமம் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று தெரிந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவிலும் நடவு, களையெடுப்பு, அறுவடை, சூடடி. மடை திறக்கச் சண்டை, வைக்கோல் வண்டிக்கு வழி விடச் சண்டை. அந்தச் சத்தம்தான் ஊருக்கு உயிர். அது போன பிறகு மிஞ்சியதை நாம் 'அமைதி' என்கிறோம். சாவு வீட்டிலும்தான் அமைதி இருக்கிறது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு தள்ளிய குமாஸ்தா. ஒரு வயல் தரையில் சாவதற்கு முன் காகிதத்தில் செத்துவிடும். முதலில் இரண்டு மூன்று பூ பயிர் வைக்காமல் போடுவார்கள். அடங்கலில் 'தரிசு' என்று ஏறும். பிறகு, "பல வருஷமாக விவசாயம் இல்லாத நிலம்தானே" என்று ஒரு விண்ணப்பம் வரும். அப்புறம் கல் நடுவார்கள்.

"நெல் போட்டால் கட்டுப்படியாகவில்லை, விற்காமல் என்ன செய்வான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூலிக்கும் உரத்துக்கும் கொடுத்துவிட்டுக் கையைப் பிசையும் விவசாயியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நஞ்சை என்பது தனி ஒருவர் சமாசாரம் இல்லை. குளத்து மடையில் புறப்படும் தண்ணீர் ஒரு வயலைக் கடந்துதான் அடுத்த வயலுக்குப் போகும். மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். நடுவில் ஒருவர் மண்ணடித்தால் கீழே இருப்பவருக்கு வேனலில் தண்ணீர் இல்லை, மழையில் வடிகால் இல்லை. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது நாகர்கோவில்காரர்கள் எல்லோரும் இதைக் கண்ணால் பார்த்தோம். போதாக்குறைக்கு நால்வழிச் சாலையும் வயலையும் குளத்தையும் அறுத்துக்கொண்டு போகிறது.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளம் 2008ஆம் ஆண்டிலேயே நெல்வயலையும் நீர்நிலத்தையும் பாதுகாக்கத் தனிச் சட்டம் போட்டது. 2018இல் திருத்தம் கொண்டுவந்து அதைத் தளர்த்தினார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் 2020இல், வயலை வயலாகவே வைத்திருக்கும் உடைமையாளருக்கு ஹெக்டேருக்கு வருஷம் 2,000 ரூபாய் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தொகை சின்னதுதான். ஆனால் 'நீ வயலைக் காப்பது ஊருக்குச் செய்யும் வேலை' என்று அரசே ஒப்புக்கொள்கிறது அல்லவா? நம் அரசும் 2020இல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தது. நாஞ்சில் நாடு அதில் இல்லை. ஏன், இங்கே விளைந்தது நெல் இல்லையா?

திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் இந்த வயல்களுக்காகப் பேச்சிப்பாறையில் அணை கட்டினார்கள். 1906இல் வேலை முடிந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி, போராடித் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். மகாராஜா தண்ணீர் கொடுத்தார். நாம் அந்தத் தண்ணீர் பாய்ந்த இடத்தில் மனைக்கட்டு போடுகிறோம்.

அதனால் என் வயதுக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மில் பலர் பெயரில் இன்னும் ஐம்பது சென்டோ ஒரு ஏக்கரோ நஞ்சை இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருந்துகொண்டு "வித்துருங்கப்பா" என்கிறார்கள். விற்காதீர்கள். பயிர் வைக்க முடியாவிட்டால் வைப்பவரிடம் பாட்டத்துக்குக் கொடுங்கள். பாட்டம் குறைந்தாலும் பரவாயில்லை. தரிசு மட்டும் போடாதீர்கள். கிராம சபை கூடும்போது நஞ்சைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று எழுந்து நின்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். எழுதாத பேச்சுக்கு ஆபீசில் மதிப்பில்லை என்பது எனக்குத் தெரியும்.

காரில் திரும்பும்போது தங்கை மகன் கேட்டான்: "நாஞ்சில்னா என்ன அர்த்தம் மாமா?"

"கலப்பை" என்றேன். அவன் மறுபடி சன்னல் வழியே பார்த்தான். இந்தத் தடவை படம் எடுக்கவில்லை.