‘மக்கு’ என்று சொல்லுமுன்
‘இவன் மக்கு, டீச்சர்’ என்று பிள்ளைகள் ஒருவனைக் காட்டும்போது, ஜொகூர் பாருவில் டியூஷன் சொல்லித் தரும் எனக்குக் கோபம்தான் வரும். பசியும் அடியும் பயமும் நாள்தோறும் தொடர்ந்தால் கார்ட்டிசோல் சுரப்பு தடுமாறி, நினைவுக்கும் கவனத்துக்கும் உரிய மூளைப் பகுதிகளையே பாதிக்கிறது. உடலும் தப்புவதில்லை. 1998-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், சிறுவயதில் நான்கு வகைத் துன்பமோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் மனச்சோர்வும் இதய நோயும் கூடுதலாக இருந்தன.

நம்பிக்கையான ஒரு பெரியவர் உடனிருந்தால் இந்தப் பாதிப்பு தணியும். அதற்காக, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குக் கிளம்பும் பெற்றோரை ஏசி என்ன பயன்? (அவர்களும் பிள்ளைக்காகத்தானே போகிறார்கள்!) தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மாலை நேரப் பராமரிப்பைத் தொடங்கட்டும், ஆண்டு விருந்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடிபடும் பிள்ளையைப் பற்றித் தெரிந்தால், ‘தாலியான் காசே’ 15999 எண்ணுக்கு நீங்களே அழைக்கலாம்.