கந்தளாய்க்கு ஒரு காலை ரயில்

திருகோணமலைக்கு ரயில் வந்தது 1927இல். மாகோவிலிருந்து வரும் பாதை கல்லோயா சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மட்டக்களப்புக்குப் போகிறது. மற்றது கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர் ஓடித் துறைமுக நகரில் முடிகிறது.

அந்தப் பாதையோரத்தைக் கவனியுங்கள். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள், தம்பலகாமத்துக் கோணேசர் கோயிலை அண்டிய குடியிருப்புகள், பிறகு சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள், மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, விமான நிலையம். வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாவட்டம் தினமும் நகரும் வழியே இதுதான்.

ஆனால் இங்கே ரயில் என்றால் கொழும்புக்குப் போகும் இரவு ரயில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பக்கத்து ஊருக்குப் போகிறவர்கள் பஸ்ஸையே நம்பியிருக்கிறார்கள்.

இந்த நிலையை மாற்ற முடியும். கொழும்பில் களனிவெளிப் பாதையும் ஒரு காலத்தில் தோட்டங்களின் ரப்பரையும் தேயிலையையும் சுமந்த குறுகிய பாதைதான். 1990களில் அதை அகலப்படுத்தினார்கள். இன்று அவிசாவளைப் பக்கத்திலிருந்து அலுவலகம் போகிறவர்களை அது தலைநகரில் கொண்டுவந்து இறக்குகிறது.

திருகோணமலைப் பாதை ஏற்கெனவே அகலப் பாதை. புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. கந்தளாயிலிருந்து காலையில் ஒரு ரயில் பஸ், மாலையில் திரும்பி ஒன்று, சீனன்குடாவில் வேலை நேரத்துக்கு ஒத்த நிறுத்தம்: புகையிரதத் திணைக்களம் முதலில் இவ்வளவையாவது செய்ய வேண்டும்.