ஒரு பின்னுக்கு நாலு பெயர்

எதிர்வீட்டுப் பையன் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ராஸ்பெர்ரி பை 4 பலகையையும் ஆய்வகக் கையேட்டையும் கொண்டுவந்து, "மாமா, இதுல இருக்கிற மாதிரியேதான் அடிச்சேன், எல்.இ.டி. எரியலை" என்றான். எக்ஸ்போர்ட் என்ற கோப்பில் 17 என்று எழுதச் சொல்கிறது கையேடு. எழுதினால் 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்'.

வயரிங்கில் பிழையில்லை. பலகையில் ஓடுவது கெர்னல் 6.6. அதில் இந்த வழிக்கான எண்கள் 512-இல் தொடங்குகின்றன. 17 வேண்டுமானால் 529 என்று கேட்க வேண்டும். அதே பின் பலகையில் எண்ணினால் 11, சிப்பின் கணக்கில் ஜிபிஐஓ 17, வயரிங்பை நூலகத்தில் 0. ரேஷன் கார்டில் ஒரு பெயர், டி.சி.யில் ஒரு பெயர் என்று அலைகிறவர்கள் தேவலை.

இந்த வழி வழக்கொழியப்போகிறது என்று 2016-இல், கெர்னல் 4.8 வந்தபோதே அறிவித்தாகிவிட்டது. கையேடு போடுகிறவர்கள் காதில் இன்னும் விழவில்லை. இன்று அவர்களை ஒரு பிடி பிடிப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பழைய வழிமேல் எனக்கே ஒரு பாசம். காரணம் கெர்னிஹான், பைக். (மறுபடியுமா என்று முனகும் பழைய வாசகர்கள் பொறுத்தருள்க.)

இவர்கள் இருவரும் எழுதி 1984-இல் வந்த 'தி யூனிக்ஸ் புரோகிராமிங் என்விரான்மென்ட்' நூலின் இரண்டாம் அத்தியாயம் கோப்புகளைப் பற்றியது. அது சாதனங்களில் வந்து முடியும். டெர்மினலும் ஒரு கோப்பு. பக்கத்து மேசைக்காரரின் டெர்மினல் கோப்பில் எழுதினால் அவர் திரையில் எழுத்து விழும். தொந்தரவு தாங்காவிட்டால் அவர் 'மெஸ்ஜி என்' என்று அடித்து, எழுதும் அனுமதியை மூடிக்கொள்ளலாம். கதவும் தாழ்ப்பாளும் சாதாரணக் கோப்புக்கு உள்ளவையேதான். எக்ஸ்போர்ட் செய்த பின்னின் வேல்யூ கோப்பில் 1 எழுதினால் விளக்கு எரிவதும் 0 எழுதினால் அணைவதும் அந்த அத்தியாயத்தின் நேர் வாரிசு.

ஆனால் யார் எழுதலாம் என்பதைத்தான் அனுமதி சொல்லும். இப்போது யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. ரிலேயை ஆன் செய்த நிரல் நடுவில் செத்துவிழுந்தாலும் பின் எக்ஸ்போர்ட் ஆனபடியே கிடக்கும், மோட்டார் ஓடும். இன்னொரு நிரல் குறுக்கே புகுந்து எழுதினாலும் கேட்க நாதியில்லை. புது வழியில் 'ஜிபிஐஓசிப்0' கோப்பைத் திறந்து, பின்னைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியவர் சொன்ன பெயரை 'ஜிபிஐஓஇன்ஃபோ' காட்டும். வேறு யாராவது கேட்டால் 'பிஸி'. நிரல் செத்தால் பின் விடுபடும். விடுபட்ட பிறகு மோட்டார் நிற்குமா என்பது டிரைவரின் கையில்!

கெர்னல்காரர்கள் பக்கம்தான் நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கோப்பிடம் எக்கோ பலிக்காது. 'ஜிபிஐஓசெட்' கருவியை நிறுவினால் ஷெல்லில் வேலை நடக்கும். அதுவும் உள்ளே ஐஆக்டில் என்ற கெர்னல் அழைப்பைத்தான் போடுகிறது. அந்த ஐஆக்டிலே வேண்டாமென்று பைக்கும் பெல் லேப்ஸ் தோழர்களும் பிளான் 9 இயங்குதளத்தில் தூக்கியெறிந்தார்கள். அங்கே கட்டுப்பாட்டுக்கென்று தனிக் கோப்பு. அதில் ஒரு சொல்லை எழுதினால் சாதனம் கேட்கும். பிளான் 9 பற்றி அடுத்த வாரமும் எழுதுவேன், ஆசிரியர் விட்டால்.